மனந்திரும்புதல், மன்னிப்பு, கீழ்ப்படிதல்: எது முந்தி, எது பிந்தி?

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ புதிதாகச் சபைக்கு வருகிறவர் முதல் மாதத்திலேயே இந்த மூன்று சொற்களையும் பலமுறை கேட்டுவிடுவார். தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். "நான் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துகாட்டினால் ஆண்டவர் மன்னித்துவிடுவார்" என்று சிலர் நினைக்கிறார்கள். "அழுது ஜெபித்தாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று, இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்று வேறு சிலர். இரண்டுமே கிறிஸ்தவ போதனை அல்ல.

கடவுள் மன்னிப்பதற்கு மனிதர் விலை கொடுப்பதில்லை. தப்பை ஒத்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு அவரிடம் திரும்புகிறவர் அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்கிறார். பெற்றுக்கொண்டவர் அதற்குப் பிறகு அவர் சொல்கிறபடி நடக்கப் பழகுகிறார். மன்னிப்பு முந்தி, கீழ்ப்படிதல் பிந்தி. பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் 2-ஆம் அதிகாரம் 8, 9, 10 வசனங்கள் இதே வரிசையில்தான் போகின்றன: கிருபையினால் (தகுதி பார்க்காத தயவினால்) இரட்சிப்பு, கிரியைகளினால் (நம் செயல்களினால்) அல்ல, ஆனால் நற்கிரியைகளுக்காகவே புதிதாக்கப்பட்டோம். 10-ஐ 8-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

நம் பக்கத்தில் இந்த வரிசை ஏன் எளிதில் மாறிப்போகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேண்டுதல் வைத்து, காரியம் கைகூடியதும் முடிகாணிக்கையோ காவடியோ குண்டமோ செலுத்துகிற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர். அந்தப் பழக்கத்தில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற நேர்மை இருக்கிறது; அதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அதே கணக்கை இங்கே கொண்டுவந்தால், 40 நாள் உபவாசம் இருந்தால் இன்ன பாவம் கழியும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை பேராலயத்துக்கு நேர்ச்சையோடு போகிற கத்தோலிக்கருக்கும் அவர்கள் திருச்சபை சொல்லித்தருவது, நேர்ச்சை நன்றிக்கானது, மன்னிப்புக்கான விலை அல்ல என்றுதான். விசுவாசமா கிரியையா என்று, 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தம் முதல் பிரிந்து நின்ற லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கடவுள் ஏற்றுக்கொள்வது கிருபையினால் மட்டுமே, நற்செயல் அதன் பின்னால் வருவது என்று ஒரே குரலில் சொல்கிறது. நுணுக்கமான வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன. அவை புதிதாக வருகிறவருக்கு இப்போது வேண்டாம்.

கடன் கணக்கு

பாவத்தை விளக்க இயேசு அதிகம் எடுத்துக்கொண்ட உவமை கடன். கர்த்தருடைய ஜெபத்திலேயே "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. மத்தேயு 18-இல் ஒரு ராஜா தன் ஊழியக்காரனோடு கணக்குப் பார்க்கிறான். ஊழியக்காரன் பாக்கி பதினாயிரம் தாலந்து. வெளியே வந்த அவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய இன்னொருவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

இந்தத் தொகைகளை நம் காசுக்கு மாற்றினால்தான் கதை விளங்கும். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஆகப் பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ராஜாவுக்கு வர வேண்டியது 3,600 கோடி ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருஷ உழைப்பு. இந்த மனிதன் காலில் விழுந்து "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். நன்றாக இருந்துகாட்டி மன்னிப்பை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறவர் சொல்வதும் இதே வசனம்தான். ராஜா தவணை போட்டுக் கொடுக்கவில்லை. கடனையே தள்ளிவிட்டான்.

தள்ளிவிட்ட கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஃபைனான்ஸ் நடத்துகிற யாருக்கும் இது தெரியும்: வாராக்கடனாக எழுதினால் நஷ்டம் கொடுத்தவன் தலையில். 3,600 கோடியும் ராஜாவின் நஷ்டம். கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றி இவ்வளவு பேசுவது இதனால்தான். மன்னிக்கிறவர் அந்த நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்ட இடம் அது.

இன்னொரு கணக்கும் இதே கதையில் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. நூறு வெள்ளிப்பணம் அற்பக் காசு அல்ல. மேலே சொன்ன கூலிப்படி 60,000 ரூபாய். நமக்கு ஒருவர் செய்த துரோகம் சின்னது, கண்டுகொள்ளாதே என்று இயேசு சொல்லவில்லை. 60,000 உண்மையான 60,000-தான். அதை 3,600 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார்.

மனந்திரும்புதலில் என்னென்ன இருக்கிறது

முதலில், செய்ததை அதன் பெயரைச் சொல்லி ஒத்துக்கொள்வது. "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க" என்பது நல்ல வழக்கமாக இருக்கலாம், பாவ அறிக்கை அல்ல. அதில் தப்பும் இல்லை, ஆளும் இல்லை. "ஆண்டவரே, என் தம்பி கையெழுத்தை நானே போட்டு அவன் பங்குப் பணத்தை எடுத்தேன்" என்பது அறிக்கை. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்த பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லும்வரை மாதக்கணக்கில் அமைதியாகத்தான் இருந்தான். சொன்னதும் அவன் வாயில் வந்தது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" மட்டும்தான். "ஆனால்" என்று ஒரு வார்த்தை இல்லை. 51-ஆம் சங்கீதம் அவனுடைய அந்த வேளையின் ஜெபம் என்று அதன் தலைப்பே சொல்கிறது. எப்படி அறிக்கை செய்வது என்று தெரியாதவர் அதை வாய்விட்டு ஒருமுறை வாசிக்கலாம்.

அடுத்தது துக்கம். இங்கே ஜாக்கிரதை வேண்டும். மாட்டிக்கொண்டோமே என்ற வருத்தமும் துக்கம் மாதிரிதான் இருக்கும். பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டு துக்கங்களைப் பிரிக்கிறார்: ஒன்று மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், மற்றது மரணத்துக்கு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸ்காரியோத்து வருந்தினான், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்" என்று ஒத்துக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். பார்க்கப்போனால் இன்னொரு சீஷனான பேதுருவைவிட அதிகமாகவே செய்தான். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்துவிட்டு வெளியே போய் அழுதது மட்டும்தான். ஆனால் யூதாஸ் போனது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பேதுரு இயேசு இருக்கிற திசைக்குத் திரும்பி வந்தான். கண்ணீர் எத்தனை சொட்டு என்பது கணக்கே இல்லை. உபவாசக் கூட்டத்தில் சத்தமாக அழுகிறவரைப் பார்த்து "எனக்கு அழுகை வரவில்லையே, நான் மனந்திரும்பவில்லையோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னது வெளிவேஷத்துக்கு எதிராகத்தான்.

மூன்றாவது, திருப்பிக் கொடுப்பது. மேடைகளில் இதைப் பற்றிப் பேச்சு குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எடுத்ததைத் திருப்புவது

லேவியராகமம் 6-இன் தொடக்கத்தில் ஒரு சட்டம். அயலானை ஏமாற்றி எடுத்தவன், முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவனிடமே கொடுக்க வேண்டும். தன் குற்றநிவாரணபலியைச் செலுத்துகிற அந்த நாளிலேயே கொடுக்க வேண்டும். யாத்திராகமம் 22-இல் பிடிபட்ட திருடனுக்கு வேறு கணக்கு: திருடிய மாடோ ஆடோ உயிரோடு கையில் இருந்தால் இரட்டிப்பு, அடித்துத் தின்றோ விற்றோ விட்டால் ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கு ஐந்து. தானாக வந்து ஒத்துக்கொண்டவனுக்குச் சலுகை இருப்பதைப் பாருங்கள். லூக்கா 19-இல் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு தானாக வந்தவன். ஆனாலும் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று திருடனுக்குரிய கணக்கைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அதற்குத் தனியாக, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னான். இது இரண்டு வெவ்வேறு வேலை.

இன்றைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கைக் கட்டாயமாக வைக்கும் சபைகள் அரிது. முதலைத் திருப்புவது கட்டாயம், மேலே கூட்டிக் கொடுப்பது நல்லது என்பதே பொதுவான போதனை. சோமனூர் பக்கம் கூலிக்கு நெசவு செய்கிற ஒரு விசைத்தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, துணியாகத் திருப்பிக் கொடுக்கிறவர். சேதாரம் என்று கணக்குக் காட்டி 8 கிலோ நூலை வெளியே விற்றுவிட்டார். கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் முதல் 2,000, ஐந்தில் ஒன்று 400, மொத்தம் 2,400. பணத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு நேராகப் போய்ச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"ஏனுங்கண்ணா, போன தை மாசம் குடுத்த பாவுல எட்டுக் கிலோ ஊடை நூல் சேதாரம்னு சொன்னனுங்க. அது பொய்யிங்க. நாந்தான் வித்துப்போட்டனுங்க. நூல் காசும் அதுக்கு மேல கொஞ்சமும் இதுல இருக்குதுங்க."

அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதற்குமேல் பேசினால் பெரும்பாலும் கெடும். "எல்லாத் தறியிலயும் நடக்கறதுதானுங்க" என்றால் அறிக்கை அங்கேயே நியாயப்படுத்தலாக மாறிவிட்டது. "நீங்க குடுக்கற கூலி கட்டுப்படியாகலீங்க" என்பது உண்மையாகவே இருக்கலாம். நம் விசைத்தறிக்காரர்களின் கூலிப் பிரச்சினை ஊரறிந்தது. ஆனால் அது வேறு நாள், வேறு பேச்சு. எல்லாவற்றிலும் மோசமானது, "ஆண்டவரே என்னை மன்னிச்சுட்டாருங்க, நீங்களும் மன்னிச்சுருங்க" என்பது. அது கேட்பதல்ல, கையை முறுக்குவது. மன்னிப்பதற்கு எதிராளிக்கு நேரம் வேண்டியிருக்கலாம்.

அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, இனிமேல் பாவு கிடையாது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் கடவுள் மன்னிக்கவில்லை என்று அர்த்தமில்லை. "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார், நீர் சாகமாட்டீர்" என்று தாவீதுக்கு மன்னிப்பைச் சொன்ன அதே நாத்தான்தான், பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னார். மன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது. விளைவுகள் பல நேரம் கூடவே இருக்கும்.

நடைமுறையில் வழுக்குகிற இடங்கள் சில. ஒன்று, அந்த 2,400-ஐ உரியவரிடம் கொடுக்கக் கூச்சப்பட்டுக் காணிக்கைப் பையில் போட்டுவிடுவது. இது அடிக்கடி நடக்கிறது. சபைக்கு அந்தப் பணம் சொந்தமில்லை. உரியவர் இறந்துபோயிருந்தால் வாரிசுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு இனத்தான் ஒருவரும் இல்லை என்றால் மட்டுமே கர்த்தருக்கு என்று எண்ணாகமம் 5:8 சொல்கிறது. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர் தவணை கேட்கலாம், ஆனால் தேதி சொல்லிக் கேட்க வேண்டும். திருப்ப முடியாத இழப்பும் உண்டு: ஒரு பெண்ணைப் பற்றிக் கிளப்பிவிட்ட வதந்தியை எந்தத் தராசில் நிறுப்பது? யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்வதுதான் அதற்கான ஐந்தில் ஒரு பங்கு. தாம்பத்தியத் துரோகம் போல, ஒத்துக்கொண்டால் மூன்றாவது ஆளும் அடிபடுகிற விஷயமானால், வாயைத் திறக்குமுன் நிதானமான ஒரு போதகரிடமோ குருவிடமோ யோசனை கேட்பது நல்லது.

யாரிடம் அறிக்கை செய்வது

இதில் சபைக்குச் சபை வழக்கம் மாறும். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனம் என்றும், பெரியவர்கள் இன்னும் பாவசங்கீர்த்தனம் என்றும் சொல்வது குருவிடம் தனியே செய்யும் அறிக்கை. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற உறுதி, குருவிடம் சொல்லுதல், அவர் தரும் அபராதத்தை (பணமல்ல, பரிகாரமாகச் செய்யச் சொல்வதை) நிறைவேற்றுதல் என்று மறைக்கல்வி வகுப்பில் படிப்படியாகச் சொல்லித்தருவார்கள். கனமான பாவங்களை வருஷத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியே சொல்லக் கூடாது. உள்ளே போனதும் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் "எனக்கு இது முதல் தடவை, சொல்லிக் கொடுங்கள் சாமி" என்றால் போதும்.

கோவை வட்டாரத்தில் 1830-இல் தொடங்கிய லண்டன் மிஷனின் வழிவந்த சபைகள் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கின்றன. அங்கே ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லி, ஆயர் பாவமன்னிப்பை அறிவிப்பார். ஆயரிடம் தனியாகப் பேசவும் தடையில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் நேரே ஆண்டவரிடம் அறிக்கை. சாட்சி நேரத்தில் சபை முன்னால் சொல்வதும் உண்டு. சாட்சி சொல்கிறவர் தன் பாவத்தைச் சொல்லட்டும். கணவனுடைய குடியையும் மாமியார் செய்ததையும் மைக்கில் சொல்வதை யாரும் மனந்திரும்புதலில் சேர்க்க முடியாது.

மன்னிப்பதும் மன்னிக்க முடியாமல் நிற்பதும்

நாம் மன்னிக்க வேண்டியது என்று வரும்போது, கொங்கு நாட்டில் பேச்சு சுற்றிச் சுற்றி நிலத்தில்தான் வந்து நிற்கும். பங்காளிகளுக்குள் இட்டேரித் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) தகராறு, கிணற்றுப் பங்கு, கிழுவை வேலியை ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் தள்ளி நடுவது. "பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்" என்று உபாகமம் 27:17 சொல்கிறபடியால், இது வேதம் கவனிக்காத சில்லறை விஷயம் அல்ல.

அண்ணன் வேலியைத் தள்ளிப்போட்டுவிட்டார், நான் கிறிஸ்தவன், என்ன செய்வது? மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது. மாட்டுக்கு விஷம் வைக்க மாட்டேன், ஊர் முழுக்கத் தூற்ற மாட்டேன், அவர் பிள்ளை கல்யாணத்தைக் கெடுக்க மாட்டேன், அவருக்காக ஜெபிப்பேன். அளக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. மத்தேயு 18:15 முதல் 17 வரை வழிமுறையே இருக்கிறது: முதலில் நீயும் அவனும் தனியாக இருக்கும்போது குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் செய்வது நேர்மாறு. டீக்கடையில் தொடங்கி, உறவுக்காரர் எல்லோரிடமும் சொல்லி, கடைசியில் சம்பந்தப்பட்டவர் காதுக்கு அது போய்ச் சேரும். தனியாகப் போய், "அண்ணா, வேலி நம்ம கல்லைத் தாண்டி வந்துருச்சுங்க. ரெண்டு பேரும் இருந்து சர்வேயரை வெச்சு அளந்துக்கலாமுங்க" என்று சொல்வதில் கோபமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6-இல் கடிந்துகொள்கிறார் என்பது உண்மை. அதனால்தான் முதலில் உட்கார்ந்து பேசுவது.

மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. ஒருவரை இன்றைக்கே மன்னிக்கலாம். ஆனால் சீட்டுப் பணத்தைச் சுருட்டியவரிடம் மறுபடி சீட்டுச் சேர வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை. நம்பிக்கை அவர் நடந்துகொள்வதைப் பார்த்துத் திரும்ப வளர வேண்டியது.

இந்த வேறுபாடு தெரியாமல் சபைகளில் நடக்கிற பெரிய அநியாயம், அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணை "மன்னிச்சுட்டு அனுசரிச்சுப் போம்மா" என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது. மனந்திரும்பவேண்டியது அடித்தவன். அவளை ஒத்துப்போகச் சொல்வது அவன் பாவத்துக்குத் துணைபோவது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். பெண்கள் உதவி எண் 181. குழந்தைமேல் பாலியல் குற்றம் என்றால் சபைக்குள் பேசித் தீர்க்கிற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் கைகளைப் பிடித்துச் சமாதானம் கொடுக்கும் ஒரு கட்டம் வரும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23, 24 அங்கே கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கொடுத்துவிட்டு, மூன்று வருஷமாகப் பேசாத சித்தப்பாவை மட்டும் தாண்டிப் போகிற கைகளை எந்தச் சபையிலும் பார்க்கலாம்.

கீழ்ப்படிதல்

சவுல் ராஜாவுக்கு வந்த கட்டளை, எதிரிகளான அமலேக்கியருடைய ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்பது. அவன் நல்ல ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, கேட்டபோது "கர்த்தருக்குப் பலியிடத்தான்" என்றான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்று சாமுவேல் தீர்க்கதரிசி பதில் சொன்னார். பலி கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். கட்டிட நிதிக்குக் கொடுப்போம், கூட்டத்துக்குப் பந்தி போடுவோம். கூலியாட்களின் வாரச் சம்பளத்தைச் சனிக்கிழமை கொடுக்காமல் இழுத்தடிப்போம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வது இதைத்தான்.

"நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டு வந்தவர்களுக்கு யோவான் ஸ்நானகன் லூக்கா 3-இல் சொன்ன பதில்கள் எல்லாம் அவரவர் தொழிலில்தான் போய் விழுகின்றன. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிப்பவரே, விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகரே, மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு. வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழி ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கும் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரிக்கும் விளக்கவுரை இல்லாமலே புரியும்.

கீழ்ப்படிதல் என்றதும் சாராயம், சினிமா, சிகரெட் என்று மூன்றோடு பட்டியலை முடிக்கிற பிரசங்கங்கள் உண்டு. சாதி அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைக் கண்ட மண் இது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்று கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், கல்லறைத் தோட்டத்திலும் பெண் கொடுப்பதிலும் வேறு வசனம் வைத்திருந்தால், அதிலிருந்தும் மனந்திரும்பத்தான் வேண்டும்.

போதகர் சொல்வதெல்லாம் கடவுளின் கட்டளை ஆகிவிடாது என்பதையும் புதியவர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று அப்போஸ்தலர் சொன்னது மதத் தலைவர்களைப் பார்த்துத்தான். நகையைக் கழற்றிக் கொடு, பெற்றோரோடு பேசாதே, மருந்தை நிறுத்து என்று ஒருவர் உத்தரவு போட்டால், எந்த வசனம் என்று கேட்பது அவிசுவாசம் அல்ல.

மறுபடி விழுந்தால்

விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் லூத்தர் 1517-இல் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவது. ஒரு தடவை கை தூக்கிவிட்டு முடித்துக்கொள்கிற காரியம் அல்ல. நேற்று அறிக்கையிட்ட அதே பாவத்தில் இன்று விழுந்தவர் "இனி எந்த முகத்தோடு போவது" என்று நின்றுவிடுகிறார். ஒரு நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்று சொன்னாலும் மன்னி என்று மனிதருக்கே சொன்னவர், தான் அதைவிடக் குறைவாக மன்னிக்க மாட்டார். மன்னிக்கப்பட்ட மாதிரி உணர்வே வரவில்லை என்றால் 1 யோவான் 1:9-ஐப் பாருங்கள்: "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." அதில் நம் உணர்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு, அந்தத் தவிப்பே அவர் அதைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம் என்றே போதகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

ஆனால் திரும்பத் திரும்ப விழுகிற இடத்துக்கு ஜெபம் மட்டும் போட்டால் போதாது. குடியை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கையில் வாங்கி, டாஸ்மாக் வழியாகவே நடந்துபோய், உள்ளே போகாதிருக்க பலம் தாரும் என்று கேட்பது ஆண்டவரைச் சோதிப்பது. சம்பளத்தை வீட்டுக்காரம்மாவின் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். வேறு தெரு வழியாக வாருங்கள். கூட வேலை செய்கிற நம்பிக்கையான ஒருவர் அந்த ஒரு மணி நேரம் கூடவே வரட்டும். தினமும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். அதைப் பிசாசின் போராட்டம் என்று ஜெப வீட்டில் படுக்க வைக்காமல், நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். இதற்கு நடுவிலும் ஒரு சனிக்கிழமை தவறிவிட்டால், அடுத்த வார ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். மறுநாள் காலையிலேயே சபைக்குப் போங்கள், கடைசி வரிசையிலாவது உட்காருங்கள். கூட வருகிற அந்த ஒருவரிடம் மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள்.